சனீஸ்வரனைத் துடைத்த நகுலேஸ்வரி

பார்க்கிங் என்றால் கார் நிறுத்துமிடம் என்று நினைப்பவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. அது லண்டனின் கிழக்கு ஓரத்தில் இருக்கிற ஊர். கார் நிறுத்த இடமே கிடைக்காத ஊரும் அதுதான். பக்கத்தில் தேம்ஸ் ஓடுவதால் ஈரத்துக்குக் குறைவில்லை. புரட்டாசியில் கொடியில் போட்ட வேட்டி தைப்பொங்கலுக்குக் காய்ந்தால் அதிர்ஷ்டம். அப்பளப் பெட்டியை மூட மறந்தால் காலையில் கரண்டியால்தான் அள்ள வேண்டும். எங்கள் தெருவில் ஒருவர் தோட்டத்தில் விட்ட சைக்கிளுக்குத் தடிமன் பிடித்து, அது தும்மியதை நானே இரண்டு காதாலும் கேட்டேன்.

அந்தத் தெருவில் என் வீட்டிலிருந்து மூன்றாம் வீடு நகுலேஸ்வரியுடையது. யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். கலியாணம் முடித்து டென்மார்க்குக்குப் போய், காது கேட்கும் கருவி செய்கிற தொழிற்சாலையில் இருபது வருடம் நுண்ணிய கம்பிகளை ஈயத்தால் பற்றவைத்தாள். பிறகு, பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்று குடும்பத்தோடு லண்டனுக்கு வந்தாள். பிள்ளைகள் ஆங்கிலத்தில் நன்றாகப் படித்து, வேலை கிடைத்து, டென்மார்க்குக்கே திரும்பிப் போய்விட்டார்கள். இப்போது அவளும் கணவர் கிருஷ்ணராசாவும்தான். அவர் பஸ் ஓட்டுகிறார். அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் காலை ஷிப்ட்.

நகுலேஸ்வரிக்கு அழுக்கைக் கண்டால் கை சும்மா இராது. அவளுடைய மருந்து திருநீறு. வெள்ளிக் கிண்ணம், குத்துவிளக்கு, நிலைக்கண்ணாடி, கதவுக் குமிழ் எதுவானாலும் ஒரு சிட்டிகை திருநீறும் பழைய சீலைத் துண்டும் போதும். அரை நிமிடத்தில் பளபளக்கும். அவள் வீட்டில் நெற்றிக்குப் போனதைவிடப் பாத்திரத்துக்குப் போன திருநீறுதான் அதிகம். கிருஷ்ணராசாவின் பஸ்ஸில் ஒருநாள் ஏறியவள் இறங்குவதற்குள் கைப்பிடிக் கம்பிகளையெல்லாம் துலக்கிவிட்டாள் என்றும், அன்று முழுக்கப் பிரயாணிகள் கூச்சத்தில் கம்பியைப் பிடிக்காமல் விழுந்தார்கள் என்றும் ஒரு கதை உண்டு. கதையைப் பரப்பியது நான்தான். ஆனால் துலக்கியது உண்மை.

அவளுக்கு வேலிக்கு அந்தப் பக்கம் கல்யாணசுந்தரம். கும்பகோணத்துக்காரர். பாலங்கள் கட்டுகிற எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி கிரிஜா குடும்ப டொக்டர், இன்னும் வேலை பார்க்கிறார். கல்யாணசுந்தரம் தோட்டத்தில் ஒரு தொலைநோக்கி வைத்திருந்தார். ஆளுயரக் குழாய். அடியில் சோற்றுத் தட்டு அளவில் ஒரு பெரிய கண்ணாடி. அது வானத்து ஒளியைக் குவித்து மேலே அனுப்பும். குழாயின் திறந்த வாய்க்குள் நான்கு மெல்லிய கால்கள் பிடித்திருக்க, வெற்றிலை அளவில் சாய்ந்த ஒரு சின்னக் கண்ணாடி. அது ஒளியைப் பக்கவாட்டில் திருப்பும். பார்க்கிறவர் குழாய்க்குப் பக்கத்தில் நின்று அங்கே கண்ணை வைக்க வேண்டும்.

போன புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை. நகுலேஸ்வரி கோயிலில் எள்ளெண்ணெய் எரித்துவிட்டு, திருநீற்றுப் பொட்டலத்தோடு பொழுதுபட வீடு திரும்பினாள். அவளுக்கு ஏழரைச் சனி நடக்கிறது. வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்த கல்யாணசுந்தரம், வாங்கம்மா, சனி கிரகம் தெரிகிறது, வளையத்தோடு பார்க்கலாம் என்று கூப்பிட்டார். அவள் ஒரு அடி பின்னுக்குப் போனாள். எரித்த எண்ணெய் கைவிரலில் இன்னும் பிசுபிசுக்கிறது. அதற்குள் சனீஸ்வரனை எதிரே நின்று பார்ப்பதா? கோயிலிலேயே அவரைப் பக்கவாட்டில் நின்றுதானே கும்பிடுகிறோம்.

"இதுல யாராலயும் நேருக்கு நேர் பார்க்க முடியாதும்மா," என்றார் கல்யாணசுந்தரம். "பக்கத்துல நின்னுதான் பார்க்கணும். அப்படித்தான் கட்டியிருக்கு."

இதைக் கண்டுபிடித்தவர் நிச்சயம் ஒரு சைவராகத்தான் இருக்க வேண்டும் என்று நகுலேஸ்வரி முடிவு செய்துகொண்டு, பக்கத்தில் நின்று பார்த்தாள். பட்டாணி அளவில் ஒரு மஞ்சள் மணி. அதற்கு ஊசி போல ஒரு வளையம். இவ்வளவு சின்ன உருவமா தன்னை இத்தனை பாடு படுத்துகிறது என்று அவளுக்குப் பாவமாகக்கூட இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணி மங்கிப் பஞ்சுபோல ஆயிற்று. சின்னக் கண்ணாடியில் பனி படிந்துவிட்டது, இந்த ஊரில் இதே தொல்லை, இருங்கம்மா, முடி உலர்த்தும் மெஷினைக் கொண்டுவந்து காற்று அடிக்கிறேன் என்று அவர் உள்ளே போனார். போன இடத்தில் அவருக்கு ஒரு போன் வந்தது.

நகுலேஸ்வரி குழாயின் வாய்க்குள் எட்டிப் பார்த்தாள். வெற்றிலைக் கண்ணாடி வேர்த்துப்போய் இருந்தது. சனீஸ்வரனின் முகம் விழுகிற கண்ணாடி இப்படியா இருப்பது? கையில் கோயில் திருநீறு. தோளில் பருத்திச் சீலை. அவள் யோசிக்கவே இல்லை. ஒரு சிட்டிகை போட்டு, முந்தானையால் சுற்றிச் சுற்றித் தேய்த்தாள். கல்யாணசுந்தரம் மெஷினோடு வந்தபோது கண்ணாடியில் ஈரம் இல்லை. தானாகவே காய்ந்துவிட்டது போலிருக்கிறது என்று அவர் சந்தோஷப்பட்டார். நல்ல காரியம் ஒன்றைச் சத்தமில்லாமல் செய்த திருப்தியில் அவள் சிரித்துக்கொண்டாள். பிறகு அவர் பார்த்தபோது சனிக்கு ஒரு பக்கம் முடி முளைத்தது போல ஒளி சிதறியிருந்தது. காற்றில் ஈரம் அதிகம் என்று சொல்லிக் குழாயை மூடிவிட்டார்.

அடுத்த கிழமை அவர் இவர்கள் வீட்டுக்குத் தேநீர் குடிக்க வந்தார். குசினி மேசையில் நகுலேஸ்வரி சுட்ட உளுந்து வடை. பேச்சு தொலைநோக்கிக்குப் போயிற்று. வீட்டுக் கண்ணாடிக்குப் பின்பக்கத்தில்தான் பூச்சு இருக்கும், இதற்கோ முன்பக்கத்தில் இருக்கும் என்றார். மூச்சுக் காற்றைவிட மெல்லிய பூச்சு. பத்து வருடத் தூசி படிந்தாலும் துணி படக் கூடாது. ஒரு தடவை தேய்த்தால் கதை முடிந்தது.

நகுலேஸ்வரிக்கு வடை தொண்டையில் நின்றது. கிருஷ்ணராசா முதுகில் தட்டினார். கல்யாணசுந்தரம் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அந்தத் தண்ணீரை அவர் கையாலேயே வாங்கிக் குடித்ததுதான் அவளுக்கு இன்னும் பாரமாகப் போயிற்று.

அன்று இரவே கணவரிடம் சொல்லிவிட்டாள். கிருஷ்ணராசா சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. ஏழரைச் சனி பிடித்தவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர், சனியைப் பிடித்து முகம் கழுவிவிட்டவள் நீர் ஒருத்திதான் என்றார். சிரித்து முடிந்ததும், நாளைக்கே போய்ச் சொல்லும் என்றார்.

அவள் போகவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினாள். சொல்வதற்குப் பதிலாகச் சாப்பாடு அனுப்பினாள். திங்கட்கிழமை இடியப்பம், செவ்வாய் பிட்டு, புதன் பனங்கிழங்கு மாவில் ஒடியற்கூழ். குற்றம் செய்த மனம் சமைத்தால் உப்பும் புளியும் எப்படிச் சரியாக விழும் என்று நினைப்பீர்கள். அவளுடைய சமையல் அந்த நாட்களில்தான் சிகரத்தில் இருந்தது. வேலிக்கு இரண்டு பக்கத்திலும் எல்லோருக்கும் இடுப்பு ஒரு சுற்றுப் பெருத்தது. கிரிஜா டொக்டர் ஒருநாள் வேலியில் நின்று, நகுலா, என்ன விசேஷம், இப்படிப் போட்டுத் தாக்குகிறீர்கள் என்று கேட்டார். சும்மா என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து வெங்காயம் உரித்தாள், கண் கலங்கியதற்கு ஒரு காரணம் வேண்டுமே.

ஐப்பசியில் விஷயம் வேறு மாதிரித் திரும்பியது. பனியே இல்லாத காய்ந்த இரவுகளிலும் கல்யாணசுந்தரத்துக்கு நட்சத்திரங்கள் மயிர் முளைத்தே தெரிந்தன. தொலைநோக்கியை அவர் சந்தேகிக்கவில்லை. அதைக் குழந்தை மாதிரி வைத்திருக்கிறவர் அவர். அதை யாரும் தொடவே இல்லை என்பது அவருக்கு நிச்சயம். மிச்சம் இருப்பது ஒன்றுதானே. அவர் தன் கண்ணைச் சந்தேகித்தார்.

கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். அறுபத்தாறு வயதில் எல்லோருக்கும் இருப்பது போலக் கொஞ்சம் புரை ஆரம்பித்திருந்தது. வெட்டலாம், இப்போதைக்கு விடவும் செய்யலாம், உங்களுக்கு எவ்வளவு தொந்தரவு என்பதைப் பொறுத்தது என்று சொன்னார்களாம். கிரிஜா டொக்டரும் அவசரமில்லை என்றுதான் சொன்னார். ஆனால் கல்யாணசுந்தரத்தின் அப்பா கடைசி ஆறு வருடம் இருட்டில் இருந்து போனவர். டொக்டர் மனைவி உண்மையை மென்மையாக்கிச் சொல்கிறாள் என்று இவர் நினைத்துக்கொண்டார். கார் ஓட்டுவதை நிறுத்தினார். பேப்பர் படிக்கும்போது ஒவ்வொரு கண்ணாக மூடி மூடிப் பார்த்தார்.

இதை வேலியோரம் அவரே சொல்லக் கேட்ட அன்று நகுலேஸ்வரி இனித் தாங்காது என்று முடிவு செய்தாள். செருப்பைக்கூட மாட்டாமல் அவர் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவர் கதவைத் திறந்தார்.

"அண்ணை, உங்களிட்டை ஒண்டு சொல்லவேணும். உங்கட கண்ணாடியைத் துடைச்சது நான்தான்."

கல்யாணசுந்தரம் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அடடே, அதான் பளிச்சுன்னு இருக்கா? நேத்து உங்க வீட்ல மறந்து வெச்சுட்டு வந்தேன்ல. ரொம்ப தேங்க்ஸ்ம்மா."

முந்தினநாள் அவர் மூக்குக்கண்ணாடியை அவர்கள் குசினியில் மறந்துவிட்டுப் போனதும் உண்மை, கை சும்மா இராமல் அதை அவள் துடைத்துக் கொடுத்தனுப்பியதும் உண்மை. நம்முடைய மொழியில் முகம் பார்ப்பதும் கண்ணாடி, மூக்கில் மாட்டுவதும் கண்ணாடி, யன்னலில் இருப்பதும் கண்ணாடி. ஆங்கிலக்காரியாக இருந்திருந்தால் அவள் அன்றைக்கே மாட்டியிருப்பாள். தமிழ் அவளைக் காப்பாற்றிவிட்டது. இல்லை அண்ணை, அந்தக் கண்ணாடி இல்லை என்று ஒரு வசனம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அவர் சிரித்த முகத்தோடு நின்றார். அவள் அந்த வசனத்தை விழுங்கிவிட்டு வீடு வந்து சேர்ந்தாள்.

அதுவரை தெரியாமல் செய்த பிழை. அன்றிலிருந்து தெரிந்து செய்த பிழை. இது மற்ற எவரையும்விட அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. கிருஷ்ணராசா கேட்டபோது, சொன்னனான், அவருக்கு விளங்கவில்லை என்றாள். விளங்கவில்லை என்றால் திருப்பிச் சொல்ல வேண்டியதுதானே என்று அவர் கேட்டார். அவள் சட்டியைத் துலக்கினாள். வெறும் சோப்பில்தான். திருநீற்றை அவள் பாத்திரத்துக்கு எடுத்து ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது.

வாயால் முடியாததைக் கையால் செய்வது என்று அவள் நினைத்தது அதற்குப் பிறகுதான். சின்னக் கண்ணாடியின் முதுகில் சூடு வைத்துவிட்டால் அதில் பனியே படியாது. பனி படியாவிட்டால் அதைத் துடைக்கும் எண்ணம் இனி எவருக்கும் வராது. டியூ ஹீட்டர் என்று கடையில் விற்கிறார்கள் என்று கல்யாணசுந்தரம் எப்போதோ சொல்லியிருந்தார். நான் செய்து தாறன் அண்ணை என்றாள். அவர் கண் விரிந்தது. டென்மார்க்கில் கற்றதை இங்கே யாருக்காவது செய்து பார்க்க ஆசை என்றாள். அதுவும் பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை.

வேலை குசினி மேசையில் நடந்தது. ரெசிஸ்டர் என்று அரிசி மணி அளவில் ஒரு சாமான் இருக்கிறது. மின்சாரம் போனால் சூடாகும், வேறு எந்த உபகாரமும் செய்யாது. அவற்றை வரிசையாக வைத்து, பூச்சரம் தொடுப்பது போல இரண்டு கம்பிகளுக்கு நடுவே பற்றவைத்தாள். சரத்தை மெல்லிய செப்புத் தகட்டில் ஒட்டினாள். தகடு கண்ணாடியின் முதுகில் உட்காரும். அங்கிருந்து தலைமயிர் போன்ற இரண்டு கம்பிகள், கண்ணாடியைப் பிடித்திருக்கும் கால் ஒன்றின் ஓரமாகவே ஓடி வெளியே வந்து, பன்னிரண்டு வோல்ட் பற்றறியில் முடியும். கம்பி காலை விட்டு விலகினால் அதன் நிழல் நட்சத்திரத்தில் விழும்.

சோதித்துப் பார்க்க அவளுடைய பவுடர் பெட்டிக் கண்ணாடியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாள். தயிர் எடுக்கப் போன கிருஷ்ணராசா தன் முகம் கத்தரிக்காய்களுக்கு நடுவில் இருப்பதைக் கண்டு ஒரு கணம் ஆடிப்போனார். குளிரிலை வைச்சால் என்ரை முகம் இன்னும் கொஞ்சக் காலம் பழுதாகாமல் இருக்கும் எண்டோ, என்று கேட்டார். அவள் கண்ணாடியை எடுத்து, சோறு கொதிக்கிற பானைக்குப் பக்கத்தில் பிடித்தாள். உடனே வேர்த்தது. முதுகில் சரத்தை வைத்துப் பற்றறியைக் கொடுத்தாள். நடுவிலிருந்து ஒரு தெளிந்த வட்டம் மெல்ல மெல்ல விரிந்து, ஈரம் ஓரங்களுக்கு ஓடியது. அதில் அவளுடைய முகம் தெரிந்தது. அவள் சட்டென்று கண்ணாடியைத் திருப்பி வைத்தாள்.

மார்கழித் தொடக்கத்தில், ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிற ஒரு நாளில், அவளும் கல்யாணசுந்தரமுமாக அதைத் தொலைநோக்கியில் பூட்டினார்கள். அவர் டோர்ச் பிடித்தார், அவள் ஒட்டினாள். அவள் கை, திருநீறு தேய்த்து விழுந்த அந்தப் பழைய கீறல்களுக்கு ஒரு விரல் தூரத்தில் இருந்தது. இந்த வெளிச்சத்தில் அவருக்கு அவை தெரிந்துவிட வேண்டும் என்று ஒரு மனம் கும்பிட்டது. தெரிந்துவிடக் கூடாது என்று மறு மனம் கும்பிட்டது. எந்தக் கடவுளுக்கும் இப்படிப்பட்ட பக்தையை வைத்து என்ன செய்வது என்று தெரிந்திருக்காது.

அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்கம்மா, பனி ஒரு துளி இல்ல," என்றார். கண்ணைக் கசக்கிக்கொண்டு, "என் கண்ணுதான் ரொம்ப மோசமாயிடுச்சு. எல்லாம் ஆடுது," என்றார்.

அவர் உள்ளே போனதும் அவள் குனிந்து பார்த்தாள். நட்சத்திரங்கள் சூடான எண்ணெயில் போட்ட கடுகு மாதிரித் துள்ளின. அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. சரத்தில் சூடு அதிகம். சுற்றியிருக்கும் காற்றைவிட ஒரு சொட்டுச் சூடு போதும் என்கிற இடத்தில் அவள் தோசைக்கல்லையே வைத்துவிட்டாள். கண்ணாடியிலிருந்து எழும்பும் காற்று ஒளியைக் குலைக்கிறது. போதாததற்குக் கீறல். அவருடைய கண்ணில் ஒன்றும் இல்லை.

மறுநாள் கல்யாணசுந்தரம் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, காத்திருக்கப் போவதில்லை, வெட்டிவிடுங்கள் என்று நாள் வாங்கிவிட்டார். தை மாதக் கடைசியில் ஒரு புதன்கிழமை.

இனி நகுலேஸ்வரியின் கள்ளப் புத்தியைக் கேளுங்கள். அதே அளவில் புதுக் கண்ணாடி ஒன்றை இன்டர்நெட்டில் தேடிப் பிடித்து வரவழைத்தாள். ஹீட்டரில் சூட்டைக் குறைக்க வேண்டும், கண்ணாடியைப் பிடியோடு கழற்றித் தாருங்கள் அண்ணை என்று கேட்டாள். அவர் அதைக் கழற்றி, ஒரு கம்பளிக் காலுறைக்குள் வைத்து, இரண்டு கையாலும் கொடுத்தார். வீட்டில் பழையதைப் பெயர்த்தெடுத்துப் புதியதை ஒட்டினாள். ரெசிஸ்டர்களில் பாதியைக் கழற்றி, சூட்டைப் பாதியாக்கினாள். திருப்பிக் கொடுத்தபோது அவர் கண்ணாடியைப் பார்த்து, புதுசு மாதிரி இருக்கே என்றார். சூட்டிலை பழைய பனிக்கறை எல்லாம் போயிட்டுது என்றாள். பாலம் கட்டிய மனிதர் அதை நம்பினார். நகுலேஸ்வரி சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினார்.

இனி ஒரு தெளிந்த இரவு வந்தால் போதும். அவர் பார்ப்பார், நட்சத்திரம் ஊசிமுனையாகத் தெரியும், கண் நன்றாக இருக்கிறது என்று தானே கண்டுகொள்வார், ஆஸ்பத்திரிக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவார், எவருக்கும் எதுவும் தெரியவராது. இதுதான் அவளுடைய திட்டம்.

லண்டன் வானம் அவளுக்குத் தெரியாததா? பொங்கலன்று மூடிய முகில் திறக்கவே இல்லை. மழைகூட இல்லை, ஊருக்கு மேலே யாரோ நனைந்த போர்வையைப் போட்டுவிட்டு மறந்துவிட்டார்கள். சலவைக்கூடத்தில் ஒவ்வொரு படுக்கை விரிப்பை மடிக்கும்போதும் அவளுக்கு அது முகிலாகத் தெரிந்தது. கிருஷ்ணராசா பஸ்ஸிலிருந்து வீட்டுக்கு வந்தால், ரோட்டு எப்படி என்று கேட்க மாட்டாள், ரொம்ஃபோர்ட் பக்கம் வானம் எப்படி என்று கேட்பாள். அங்கேயும் போர்வைதான்.

செவ்வாய்க்கிழமை பின்னேரமும் போர்வை விலகவில்லை. விடிந்தால் கத்தி. கிருஷ்ணராசா சாப்பிட உட்காரவில்லை.

"நகுலா, நீர் போறீரோ, நான் போகட்டோ?" என்றார்.

அவள் போனாள். பழைய கண்ணாடியைக் கையில் எடுத்துக்கொண்டு போனாள். இந்தத் தடவை எந்தக் கண்ணாடி என்று எவரும் கேட்கத் தேவையில்லாதபடி. கல்யாணசுந்தரமும் கிரிஜா டொக்டரும் ஹாலில் இருந்தார்கள். நாளைக்கு எடுத்துப்போகிற பை வாசலில் தயாராக இருந்தது. அவள் கண்ணாடியை மேசையில் வைத்தாள்.

"இது உங்கட தொலைநோக்கியிலை இருந்தது அண்ணை. புரட்டாசியிலை, நீங்கள் உள்ளுக்குப் போன நேரம், நான் திருநீறு போட்டுத் தேய்ச்சுப் போட்டன். அதுதான் நட்சத்திரம் எல்லாம் அப்பிடித் தெரிஞ்சது. பிறகு ஆடினது நான் வைச்ச சூடு. உங்கட கண்ணிலை ஒண்டும் இல்லை. இப்ப உள்ளுக்கு இருக்கிறது புதுக் கண்ணாடி."

கிரிஜா டொக்டர்தான் முதலில் அசைந்தார். கண்ணாடியை எடுத்து விளக்கில் சாய்த்துப் பார்த்தார். சுற்றிச் சுற்றிப் போன மெல்லிய கீறல்கள், கோலம் போட்டது போலத் தெளிவாகத் தெரிந்தன. அவர் கணவரைப் பார்த்தார், எழுந்து உள்ளே போனார். ஆஸ்பத்திரி எண்ணுக்கு அவர் பேசுவது கேட்டது; நாளைக்கு வரவில்லை, பிறகு பார்க்கலாம் என்று.

கல்யாணசுந்தரம் திட்டுவார் என்று நகுலேஸ்வரி எதிர்பார்த்தாள். திட்டினால் தலை குனிந்து வாங்கிக்கொள்ளத் தயாராக வந்திருந்தாள். அவர் குரல் உயரவில்லை.

"கண்ணாடி போனா போகட்டும். வேற வாங்கலாம். நாலு மாசமா தினமும் காலையில மாடிப்படியைக் கண்ணை மூடிட்டு இறங்கிப் பழகிட்டு இருக்கேன். இவளுக்குக்கூடத் தெரியாது. எங்கப்பா மாதிரி தடுக்கி விழக் கூடாதுன்னு." வாசலில் இருந்த பையைப் பார்த்தார். "நீங்க தினமும் பிட்டு குடுத்தீங்க."

அவள் ஏதாவது சொல்லியிருந்தாலும் அது சின்னதாகத்தான் இருந்திருக்கும். அவர் எழுந்து வாசற்கதவைத் திறந்து பிடித்தார். மரியாதையாகத்தான் பிடித்தார். அவள் வெளியே வந்தாள்.

அதற்குப் பிறகு வேலிக்கு இந்தப் பக்கம் சாப்பாடு சமைந்தது, அந்தப் பக்கம் போகவில்லை. கிரிஜா டொக்டர் கண்டால் தலையசைப்பார், நலம் கேட்பார். கல்யாணசுந்தரம் கார் ஓட்டத் தொடங்கியிருந்தார். காலையில் அந்தச் சத்தம் கேட்கும்போது நகுலேஸ்வரிக்கு ஒரு நிம்மதியும், அதன் வாலைப் பிடித்துக்கொண்டே ஒரு குத்தலும் வரும். மன்னித்துவிட்டாரா இல்லையா என்று கணவரிடம் கேட்பாள். அந்த மனிசனையே கேளும் என்பார் கிருஷ்ணராசா. இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

மாசியில் வானம் திறந்தது. குசினி யன்னலால் பார்த்தாள். வேலிக்கு மேலே குழாயின் வாய் தெரிந்தது. பற்றறியின் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. ஹீட்டரை அவர் பிடுங்கி எறியவில்லை. அவர் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. என்ன பார்த்தாரோ, அது தெளிவாக இருந்திருக்க வேண்டும். அவள் யன்னல் விளக்கை அணைத்தாள். வெளிச்சம் அவருக்கு இடைஞ்சலாக இருக்கும் என்பதற்காக. தன்னைப் பார்க்கக் கூடாது என்பதற்காகவும்தான்.

அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அப்படியே. பிறகு ஒரு பின்னேரம் ஈரம் மிகக் கடுமையாக இறங்கியது. வேலிப் பலகையில் கை வைத்தால் ஒட்டியது. நகுலேஸ்வரி குப்பைப் பையைக் கொண்டுபோய்த் தோட்டத்து மூலையில் வைத்துவிட்டுத் திரும்பும்போது, வேலிக்கு அப்பால் அவர் நின்றார். அவளைப் பார்க்கவில்லை. குழாயின் வாயைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"இன்னிக்கு சூடு பத்தல. ஓரத்துல பனி புடிக்குது. இன்னும் ஒண்ணு ரெண்டு ரெசிஸ்டர் சேர்க்க முடியுமா?"

முன்பென்றால் அந்த வசனத்தின் முடிவில் ஒரு 'அம்மா' இருந்திருக்கும். அவள் அதற்காகக் காத்து நின்றாள். அது வரவில்லை. அவர் கண்ணாடியைப் பிடியோடு கழற்றத் தொடங்கியிருந்தார்.

"ஏலும்," என்றாள். வழக்கமாக அந்தச் சொல்லுக்குப் பின்னால் தானாக வருகிற 'அண்ணை'யை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டாள். அதைச் சொல்ல இன்னும் உரிமை இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. வேலிக்கு மேலாக அவர் நீட்டியதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.